மேஜரின் ரப்பர் வளையம்

சாம்பியன் ரீப்ஸ்,
1901 ஏப்ரல் 9

என் பிரியமான மாமாவுக்கு ஞானசுந்தரி எழுதிக்கொண்டது.

நானும் குழந்தையும் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் உங்கள் கடிதத்தை இன்னொரு தரம் படித்துத் தொலைத்தேன். முன்பக்கம் முழுக்க நாய். பின்பக்கத்தில் முக்கால்வாசி நாய். மேஜர் சாப்பிட்டானா, மேஜர் தூங்கினானா, மேஜருக்கு மூக்கு ஈரமாக இருக்கிறதா. கடைசியில் ஓரத்தில், மை தீர்ந்துபோன இடத்தில், "டெய்சிக்கு முத்தம்". பெற்ற மகளுக்கு மிச்சம் இருந்தது அவ்வளவு மைதான் போலிருக்கிறது.

சுரங்கத் துரை பங்களாவைப் பூட்டிக்கொண்டு, துரைசானியையும் பட்லராகிய உங்களையும் கூட்டிக்கொண்டு குன்னூர் மலைக்குப் போய்விட்டார். நாய்க்குட்டிக்கு மலைக்குளிர் ஆகாதாம், அதனால் அதைக் கூலிக்காரர் லைனிலுள்ள நம் வீட்டில் என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள். ஆறு மாதக் கைக்குழந்தைக்கு இந்த வெயில் ஆகுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மேஜருக்குப் பல் முளைக்கிறது. அவன் வாய் வைக்காத பொருள் இனி இந்த வீட்டில் இல்லை. என் செருப்பு, விளக்குமாறு, ஜெபப் புத்தகத்தின் மூலை எல்லாம் போயாயிற்று. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாவின் கொழுந்தன் சுரங்கத்துக்கு எடுத்துப்போகும் மெழுகுவர்த்தியைத் திரியோடு தின்றுவிட்டு இங்கே வந்து கக்கினான். இப்போது வீட்டையே தின்ன ஆரம்பித்திருக்கிறான். நாம் குடியிருப்பது மூங்கில் தட்டி வீடு என்பது துரைக்கு மறந்திருக்கும், உங்களுக்காவது ஞாபகம் இருக்கும். அடுப்பு மூலைத் தட்டியில் என் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. மூங்கில் சிராய் குத்தி அவன் ஈறிலிருந்து ரத்தம் வருகிறது.

டெய்சிக்கும் ஈறு வீங்கியிருக்கிறது. மேல் ஈறா, கீழ் ஈறா என்று நீங்கள் கேட்கப்போவதில்லை, நானே சொல்லிவிடுகிறேன்: கீழ் ஈறு. ஒரு பக்கம் அவள் அழுகிறாள், ஒரு பக்கம் அவன் அழுகிறான். இரண்டு பேருக்கும் ஒரே நோவுதான். அவனுக்கு மட்டும் மலை உச்சியிலிருந்து விசாரணை வருகிறது.

எதைக் கடிக்கக் கொடுப்பது என்று கேட்டு எழுதுங்கள். கோழி எலும்பு போடலாமா? அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் உங்கள் வேலையும் இந்த வீடும் சேர்ந்து போகும். அதற்காகத்தான் கேட்கிறேன், அவன் மேலுள்ள அன்பினால் அல்ல.

உங்கள் மனைவியும் நாய்க்கு ஆயாவுமான
ஞானசுந்தரி

*

குன்னூர்,
ஏப்ரல் 14

கர்த்தருக்குள் பிரியமான ஞானத்துக்கு ஏனோக் எழுதுவது.

இங்கே துரையவர்களும் துரைசானியவர்களும் சுகம். நானும் சுகம். உன் கோபத்தைப் படித்தேன். கோபிக்காதே.

கோழி எலும்பு போட்டுவிடாதே! உடைந்தால் ஊசி ஊசியாகத் தொண்டையில் குத்துமாம். வேகவைத்த எலும்பு எதுவுமே ஆகாது. சாயம் பூசிய மரப்பொம்மையும் வேண்டாம், சாயத்தில் ஈயம் இருக்கிறது. தேங்காய் நார்க் கயிறு குடலில் சுருட்டிக்கொள்ளும். கொடுக்கிற பொருள் அவன் வாய்க்குள் முழுசாக அடங்கக் கூடாது, அடங்கினால் விழுங்கிவிடுவான். நகத்தால் அழுத்திப் பார்த்தால் கொஞ்சம் அமுங்க வேண்டும், கல் மாதிரி இருந்தால் பல் உடையும். இதெல்லாம் துரைசானியவர்கள் புத்தகத்தைப் பார்த்து எனக்கு வாசித்துச் சொன்னது.

அவசரத்துக்கு, தடித்த கம்பளித் துணியை முடிச்சுப் போட்டு, பானைத் தண்ணீரில் நனைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். ஈறுக்குக் குளிர்ச்சியாம். நூல் பிரிந்தால் உடனே பிடுங்கிவிட வேண்டும். துரையவர்கள் பெரிய மனசு பண்ணி மேஜருக்கென்றே ஒரு ரப்பர் வளையம் வாங்கியிருக்கிறார்கள். நாளைப் பார்சலில் வரும். பத்திரம். அது வந்துவிட்டால் வேறு எதுவும் தேவைப்படாது.

டெய்சியின் கீழ் ஈறை விரலால் தடவிக் கொடு. நான் அங்கே இருந்தால் தூக்கி வைத்துக்கொள்வேன்.

உன் அன்புள்ள
ஏனோக்

*

சாம்பியன் ரீப்ஸ்,
ஏப்ரல் 20

மாமாவுக்கு,

வளையம் வந்தது. சிவப்பாக, மொழுமொழுவென்று, பெரிய முறுக்கு அளவுக்கு இருக்கிறது. நீங்கள் எழுதியபடி நகத்தால் அழுத்தினேன், அமுங்கியது. வாயில் அடங்குமா என்று பார்த்தேன், அடங்காது. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறான் ஒருவன்! யாருக்காக? நாய்க்காக.

பார்சலில் குழந்தைக்கு ஏதாவது இருக்கும் என்று காகிதத்தை உதறிக்கூடப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு தரம் உதறினேன்.

டெய்சி கையை நீட்டினாள். மேஜர் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை, தட்டியோடு மும்முரமாக இருந்தான். வெந்நீரில் கழுவி என் மகள் கையில் கொடுத்துவிட்டேன். எச்சில் ஒழுக ஒழுகக் கடித்தாள், அப்படியே தூங்கிப்போனாள். வாரக் கணக்கில் அழுத பிள்ளை தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நானும் அழுதேன். இதைப் படித்து உங்களுக்குக் கோபம் வருமோ என்று பயப்பட மாட்டேன். உங்களுக்குக் கோபம் வராது, பயம்தான் வரும்.

மேஜரைப் பட்டினி போட்டுவிடவில்லை. துரைசானி சொன்ன கம்பளி முடிச்சே அவனுக்குக் கிடைத்துவிட்டது. கிருஷ்ணம்மாவின் புருஷன் சம்பங்கி, தங்க மில்லில் வேலை செய்கிறாரே, போன வருஷம் அவர் காலில் கல் விழுந்தபோது அங்கிருந்த வெள்ளைக்கார மேஸ்திரியே பழைய கம்பளித் துண்டு ஒன்றைக் காயத்தில் சுற்றிக்கட்டி அனுப்பினாராம். கால் ஆறியது. கம்பளி கிருஷ்ணம்மாவின் அடுப்படியில் சட்டி இறக்கும் துணியாகக் கிடந்தது. "இத்த எடுத்துக்கினு போ ஞானம்மா, களி வாசன கீது, நாயி வுடாது" என்றாள். விடவில்லை. மூன்று நாளாகத் தட்டிக்கு விமோசனம்.

ஆக, அவளுக்கு வளையம், அவனுக்குக் கம்பளி. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். நானும் மூடிக்கொள்கிறேன்.

ஞானசுந்தரி

*

குன்னூர்,
ஏப்ரல் 25

அன்புள்ள ஞானத்துக்கு,

உன் கடிதம் பார்த்தேன். என்ன காரியம் செய்தாய்? அது துரையவர்கள் பொருள். உடனே வளையத்தைக் கழுவி மேஜருக்கே கொடுத்துவிடு. டெய்சிக்கு நான் ஊருக்கு வரும்போது வேறு ஏதாவது வாங்கி வருகிறேன்.

நேற்று துரைசானியவர்கள், "மேஜருக்கு வளையம் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டார்கள். ரொம்பப் பிடித்திருக்கிறது, தூங்கும்போதுகூட விடுவதில்லை என்று எழுதியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். இனி அதை மாற்றிச் சொல்ல முடியாது, தெரிகிறதா? பொய் சொன்னவன், பொருளை எடுத்தவன் என்று இரண்டு பெயரும் எனக்கு வரும்.

பக்கத்து வீட்டார் பழக்கவழக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

ஏனோக்

*

சாம்பியன் ரீப்ஸ்,
ஏப்ரல் 28

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அதற்குப் பதில் இன்னொரு நாள் சொல்கிறேன், அந்தப் பதில் எங்கேயும் ஓடிவிடாது. இப்போது எழுதுவது அவசரம்.

நேற்றுக் காலையில் லைன் முழுக்கச் சோதனை போட்டார்கள். மில்லில் தங்கம் காணாமல் போனதாம். வாச்மேன்களும் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரும் வீடு வீடாக நுழைந்து அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள், தலையணையைக் கிழித்தார்கள். நம் வீட்டு வாசலில் மேஜர் கம்பளி முடிச்சோடு உருண்டுகொண்டிருந்தான். ஒரு வாச்மேன் குனிந்து பார்த்தான். கம்பளி ஓரத்தில் நீலக் கோடு. "ஐயா, மில்லு கம்பளி!" என்று அலறினான், பாம்பைக் கண்ட மாதிரி.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மில்லில் கல்லை இடித்து மாவாக்கித் தண்ணீரோடு ஓடவிடுகிறார்கள் அல்லவா, அந்தத் தண்ணீர் இந்தக் கம்பளிகளின் மேல்தான் ஓடுகிறதாம். தங்கத் தூள் கம்பளி மயிரில் தங்கிவிடும். பழசான கம்பளியைக்கூட வெளியே எறிய மாட்டார்கள், எரித்துச் சாம்பலை அலசித் தங்கம் எடுப்பார்கள். ஒரு சாண் கம்பளி வீட்டில் இருந்தாலும் அது தங்கம் வைத்திருப்பதாகத்தான் கணக்காம். நாம் அதை நாய்க்குக் கொடுத்து, களி வாசனை போகும்வரை சப்ப வைத்திருக்கிறோம்!

சம்பங்கியை ஷிப்டு முடிந்து வரும்போதே பிடித்துக்கொண்டு போய் அடைத்துவிட்டார்கள். காலில் கட்டிய கதையைச் சொன்னார். கட்டிவிட்ட வெள்ளைக்கார மேஸ்திரி வேறு தேசத்துச் சுரங்கத்துக்குப் போய்விட்டார், சாட்சி இல்லை. இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்: "துரை நாய்க்குக் கடிக்க ஒன்றும் கொடுக்காமலா விட்டுப் போனார்?" எனக்கு நாக்கு நுனி வரை வந்தது, மாமா. ரப்பர் வளையம் கொடுத்தார், அது என் மகள் வாயில் இருக்கிறது என்று. சொன்னால் உங்களுக்கு என்ன ஆகும் என்று நினைத்து விழுங்கிவிட்டேன். என் வாயை நான் அடக்கினேன் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

துரை இரண்டு வரி எழுதினால் போதும் என்கிறார் இன்ஸ்பெக்டர். நாய் தம்முடையது, கம்பளி முடிச்சுக் கொடுக்கச் சொன்னது தம் வீட்டில்தான் என்று. அது உண்மைதானே? கேட்டு வாங்கி அனுப்புங்கள். இல்லாவிட்டால் மே பதின்மூன்றாம் தேதி மாஜிஸ்திரேட்டுக்கு முன் நிறுத்துவார்கள். சம்பங்கி உள்ளே போவார், கிருஷ்ணம்மாவின் சாமான் தெருவுக்கு வரும்.

ஞானசுந்தரி

*

குன்னூர்,
மே 2

அன்புள்ள ஞானத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆனால் நீ சொல்வது எப்படி முடியும்? துரையவர்களிடம் போய்க் கேட்டால் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? "வளையம் அனுப்பினேனே, கம்பளி எதற்கு?" என்பார்கள். அதற்கு நான் என்ன சொல்ல? பத்து வருஷமாக ஒரு சொல் வாங்காமல் காலம் தள்ளியிருக்கிறேன்.

பதறாமல் கேள். வளையத்தை எடுத்து மேஜர் பக்கத்தில் போட்டுவிடு. கம்பளி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது, பக்கத்து வீட்டிலிருந்து நாய் இழுத்து வந்திருக்கும் என்று சொல்லிவிடு. நாய் இழுத்து வருவது நடக்கிற காரியம்தான். சம்பங்கிக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ கிடைக்கலாம். அவர்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள். நமக்குக் குழந்தை இருக்கிறது, ஞானம்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

ஏனோக்

*

சாம்பியன் ரீப்ஸ்,
மே 5

ஏனோக் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மேஜரிடம் போட்டுப் பார்த்தேன், அவன்கூட அதைக் கடிக்கவில்லை.

"அவர்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள்." எப்படி? சொல்லுங்கள், போய்க் கிருஷ்ணம்மாவிடம் சொல்கிறேன். நீங்கள் ஊரில் இல்லாதபோது டெய்சி பிறந்தாள். வெந்நீர் வைத்தது யார், தொப்புள்கொடியைக் கட்டியது யார், ஒன்பது நாளும் எனக்குச் சோறு போட்டது யார்? அப்போது நீங்கள் துரையின் விருந்துக்குத் தட்டு ஏந்திக்கொண்டிருந்தீர்கள். அவளைத் திருடியாக்கிவிட்டு நான் வளையத்தோடும் வீட்டோடும் சுகமாக இருக்க வேண்டுமா?

அவள் எனக்கு முன்பே போய்விட்டாள் தெரியுமா? போலீஸில் போய், "நாயிக்கு நாந்தான் குடுத்தேன். அந்தப் பொண்ணுக்கு ஒன்னும் தெரியாது, வுட்டுடுங்க சாமி" என்று சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்து என் முதுகைத் தடவி, "இன்னாத்துக்கு அழுவுற? கொழந்தைக்கிப் பாலு வத்திப்பூடும்" என்கிறாள். தினமும் களியைத் துணியில் கட்டிக்கொண்டு புருஷனைப் பார்க்க நடந்து போகிறாள். நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டி ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு உங்கள்மேல்தான் கோபம். துரைமீதுகூட இவ்வளவு கோபம் இல்லை, அவருக்கு நம்மைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

ஒன்று சொல்கிறேன். பதின்மூன்றாம் தேதி நான் வளையத்தை எடுத்துக்கொண்டு, அதைக் கடிக்கிறவளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு மாஜிஸ்திரேட்டுக்கு முன் போய் நிற்பேன். நடந்ததை நடந்தபடி சொல்வேன். அது முடிந்ததும் மாரிகுப்பத்தில் ரயில் ஏறிக் குடியாத்தத்துக்கு என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே நீங்கள் வர வேண்டாம். துரையிடம் நீங்களே வாயைத் திறந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள்.

ஞானசுந்தரி

*

குன்னூர்,
மே 9

ஞானம்,

துரை கைப்பட எழுதிய காகிதம் இதோடு இருக்கிறது. இன்றைக்கே இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய்க் கொடு. பிறகு மற்றதைப் படி.

நேற்று உன் கடிதம் வந்தது. இன்று காலை அவர்கள் டீ குடிக்கும்போது, தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வளையம் என் மகளிடம் இருக்கிறது, அன்றைக்கு நான் சொன்னது பொய், ஒரு மனிதன் அடைபட்டுக் கிடக்கிறான் என்று. சொல்லிவிட்டு அடி விழக் காத்திருக்கிறவன் மாதிரி நின்றேன்.

துரை சிரித்தார். துரைசானியும் சிரித்தார். நானும் சிரித்தேன், ஞானம். அவர்கள் சிரித்தால் சிரித்துவிடுவது பத்து வருஷப் பழக்கம். "நாயின் வளையத்தை உன் குழந்தை கடிக்கிறதா? இதற்கா இத்தனை நாள் பயந்தாய்?" என்று பேனாவை எடுத்து நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. சம்பங்கி அங்கே கிடந்த நாளையெல்லாம் நினைத்தபோதுதான் என் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு இறங்கியது.

அப்போது துரைசானி சொன்னார்: "அந்த வளையத்தை இனி மேஜருக்குக் கொடுக்கச் சொல்லாதே. லைன் குழந்தை வாயில் வைத்தது. என்ன வியாதி ஒட்டியிருக்குமோ. வேறு வாங்கி அனுப்பலாம்."

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. "அது என் மகள் அம்மா. அவளுக்கு வியாதி ஒன்றும் இல்லை, பல் முளைக்கிறது" என்றேன். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். தோட்டக்காரன் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. துரை எழுந்து, சாயங்காலத்துக்குள் மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் கிளம்பு என்றார்.

சாயங்காலம் வரை நான் காத்திருக்கவில்லை. தட்டையும் சாவிக்கொத்தையும் மேஜைமேல் வைத்துவிட்டேன். இதைத் தபால் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போது பயம் இல்லை. என்னைப் பார்த்தே எனக்குக் கோபம் வருகிறது. சம்பங்கியைப் பற்றி நான் எழுதிய வரிக்கு உன்னிடம் அல்ல, அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

இங்கே தெரிந்தவர் ஒருவரிடம் சில நாள் வேலை செய்து, ரயிலுக்குக் காசு சேர்த்துக்கொண்டு பதினெட்டாம் தேதி மாரிகுப்பம் ரயிலில் வருகிறேன். நீ அங்கே இருப்பாயா, குடியாத்தத்துக்குப் போயிருப்பாயா என்று தெரியவில்லை. எங்கே இருந்தாலும் வளையம் டெய்சியிடமே இருக்கட்டும்.

ஏனோக்

*

சாம்பியன் ரீப்ஸ்,
மே 13

என் பிரியமான மாமாவுக்கு,

நான் இங்கேதான் இருக்கிறேன். கட்டிய மூட்டையை இன்று காலைதான் அவிழ்த்தேன்.

சம்பங்கி வீட்டுக்கு வந்துவிட்டார். காகிதத்தைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றே படித்தார். சம்பங்கியின் காலைப் பார்க்காதவர்கள், தழும்பைப் பார்க்காதவர்கள், கையெழுத்தை மட்டும் அப்படிப் பார்த்தார்கள். கம்பளியை எரித்து அலசினார்களாம். ஒரு மினுக்குக்கூட இல்லை, களி கருகிய சாம்பல்தான் இருந்ததாம். கிருஷ்ணம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டியைக் குத்த வேண்டும் போலிருந்தது.

இங்கே பூட்டியிருக்கும் பங்களாவின் தோட்டக்காரர் மரியகுழந்தை வந்து மேஜரைக் கூட்டிக்கொண்டு போனார். புது வளையம் பார்சலில் அவருக்கே வந்திருக்கிறது. போகும்போது இந்த நாய் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதது, மாமா. அதன் மேல் எனக்கு என்ன கோபம்? அதற்கென்று மற்றவர்கள்தான் எல்லாம் கேட்டார்களே தவிர, பாவம் அது யாரையும் எதுவும் கேட்கவில்லை. வாசல் வரை போய்த் தடவிக்கொடுத்துவிட்டு வந்தேன். டெய்சி ஒரு மணி நேரம் அழுதாள்.

இந்த வீட்டை மாதக் கடைசியில் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்தான். பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படியும் பாதி வீட்டை மேஜர் தின்றாயிற்று. சம்பங்கி வீட்டின் பின்பக்கத்துச் சாய்ப்பில் நாம் இருந்துகொள்ளலாமாம். "ஏனோக் அண்ணன் வரட்டும், வந்து பேசிக்கலாம்" என்கிறார். நீங்கள் எழுதியிருந்ததை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் நீங்கள். வந்து சொல்லுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

உங்களுக்குக் கோபம் வராது என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். வந்த கோபத்தை வழியில் எங்கேயும் இறக்கி வைத்துவிடாமல் பத்திரமாகக் கொண்டுவாருங்கள், இந்த ஊரில் அது நிறையத் தேவைப்படுகிறது.

டெய்சிக்கு நேற்றுப் பல் வெளியே வந்துவிட்டது. கீழ் ஈறில், இடது பக்கம், அரிசி நுனி மாதிரி. முதலில் என்னைத்தான் கடித்தாள். பதினெட்டாம் தேதி ரயிலடிக்குத் தூக்கிக்கொண்டு வருகிறேன், விரலைக் கொடுத்துப் பாருங்கள்.

உங்கள்
ஞானம்